பார்த்துப் படிக்கிறவர், கேட்டுப் படிக்கிறவர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் படிப்பிப்பதில் பயன் உண்டா? (தரம் 4)

வாவிக்கரை ரீச்சர் (களுவாஞ்சிகுடிப் பக்கம்)

வணக்கம். தரம் 4, 31 பிள்ளைகள், வகுப்புக்கு நான் ஒரே ஆள். ஒரு செயலமர்வில் 'கற்றல் பாணி' வினாக்கொத்து ஒன்று தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் பார்த்துப் படிக்கிறவரா, கேட்டுப் படிக்கிறவரா, செய்து படிக்கிறவரா என்று கண்டுபிடித்து, வகுப்பை மூன்று குழுவாக்கி, ஒரே பாடத்தை மூன்று விதமாக நடத்த வேண்டுமாம்.

வகுப்பு நிலவரம் இதுதான். ஆறு பேர் வாசிக்கத் திணறுகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் வாயால் கேட்டால் எல்லாம் சொல்வார்கள், எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். ஒரு பிள்ளை புத்தகத்தைப் பார்க்காமலே 'வாசிக்கும்', பாடம் முழுக்க மனப்பாடம். நாலைந்து பேருக்குக் கழித்தலில் கடன் வாங்குவது பிடிபடவில்லை. ஒரு மகன் பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதே இல்லை, மணி அடித்தாலும் பாதியில்தான் நிற்பான். மூன்று பேர் எதைக் கொடுத்தாலும் உடனே முடித்துவிட்டு மற்றவர்களைக் குழப்புவார்கள்.

வினாக்கொத்தை நம்பிப் பிரிக்கலாமா? இல்லையென்றால் எதை வைத்துப் பிரிப்பது? ஒரு ஆளாக எப்படிச் சமாளிப்பது? தவணை முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாணி எழுதிப் படிவம் ஒப்படைக்கவும் வேண்டும்.

---

வெண்கட்டி (மட்டக்களப்பு)

ரீச்சர், வினாக்கொத்தை வைத்துப் பிரிக்க வேண்டாம். செயலமர்வு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாத பக்கத்தைச் சொல்கிறேன்.

இந்த வகைப் பட்டியல்களில் பெயர் பெற்றது 'விஏஆர்கே' (VARK: பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்தல் என்று நாலு வகை). நியூசிலாந்தில் நீல் பிளெமிங்கும் கொலீன் மில்ஸும் 1992இல் வெளியிட்டது. அதற்கு முன்னும் பின்னும் வந்தவை ஏராளம். 2004இல் பிரித்தானியாவில் பிராங்க் கோஃபீல்ட் குழுவினர் கணக்கெடுத்தபோது 71 மாதிரிகள் தேறின. ஒன்று சொல்லும் பிரிவு பல வேளை மற்றொன்றில் இல்லை. ஒரே பிள்ளை ஒரு பட்டியலில் ஒரு வகை, இன்னொன்றில் வேறு வகை.

பட்டியல் எத்தனை என்பதைவிட, அதன்படி படிப்பித்தால் பெறுபேறு கூடுகிறதா என்பதே கேள்வி. அதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று 2008இல் பாஷ்லர், மெக்டானியல், ரோறர், பியோர்க் ஆகிய நால்வர் தெளிவாக எழுதினார்கள். 'பார்க்கிறவர்'களில் பாதிப் பேருக்குப் படத்தால், பாதிப் பேருக்குப் பேச்சால் படிப்பிக்க வேண்டும். 'கேட்கிறவர்'களையும் அதேபோல எழுமாறாகப் பிரிக்க வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை. பார்க்கிறவர் படத்தாலும் கேட்கிறவர் பேச்சாலும் கூடுதலாகப் பெற்றால் மட்டும் கொள்கை சரி. இப்படி முறையாகச் செய்த ஆய்வுகள் அவர்களுக்கு மிகச் சிலவே கிடைத்தன, அவற்றிலும் பல கொள்கைக்கு எதிராகவே இருந்தன. 2015இல் ரோகாவ்ஸ்கி குழுவினர் வளர்ந்தவர்களிடம் ஒரே நூலை ஒலியாகவும் எழுத்தாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். விருப்பத்துக்கும் விளக்கத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. 2018இல் உடற்கூற்றியல் மாணவர்களிடம் செய்த ஆய்விலும் தங்கள் 'பாணி'ப்படி படித்தவர்கள் மற்றவர்களை முந்தவில்லை.

'பன்முக நுண்ணறிவு' (நுண்ணறிவு ஒன்றல்ல, பல வகை என்பது) என்று சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அது ஹவார்ட் கார்ட்னர் 1983இல் எழுதியது, வேறு விடயம். தன் கொள்கையைக் கற்றல் பாணியோடு குழப்பவேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பிள்ளைக்கு விருப்பம் இருப்பது உண்மைதான். ஒருவருக்குப் படம் பிடிக்கும், ஒருவருக்குப் பாட்டு. ஆனால் பிடித்த வழி வேறு, மனதில் நிற்கும் வழி வேறு. ஒன்பது வயதுப் பிள்ளை வினாக்கொத்தில் 'வீடியோ பார்ப்பேன்' என்று அடையாளமிட்டால், அதிலிருந்து வீட்டில் போன் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியவரும்.

எந்த வழியில் படிப்பிப்பது என்பதைப் பிள்ளை அல்ல, பாடம் தீர்மானிக்கட்டும். வடமோடிக் கூத்துக்குப் பழக்கும் அண்ணாவியார் தாளக்கட்டைப் படம் கீறிக் காட்டுவதில்லை. வாயால் சொல்லிக் காலால் ஆடவைக்கிறார், 'பார்த்துப் படிக்கிற' பிள்ளைக்கும் அதே வழிதான். இலங்கைப் படத்தில் மகாவலி எங்கே கடலில் சேர்கிறது என்பதைப் பாட்டாகச் சொல்லி விளக்க முடியாது, படம் வேண்டும். பறவைச் சத்தத்தைக் கேட்டுத்தான் பழகவேண்டும். அநேக பாடங்களுக்கு இரண்டு வழி சேர்ந்தால் நல்லது: படத்தைக் காட்டிக்கொண்டு வாயால் விளக்குவது. அது 31 பேருக்கும் பொருந்தும்.

பிள்ளைக்குப் பிள்ளை உண்மையில் வேறுபடுவது வேறு விடயங்களில். ஏற்கெனவே என்ன தெரியும், எவ்வளவு சரளமாக வாசிக்கும், ஒரே நேரத்தில் எத்தனை விடயத்தை மனதில் பிடித்துவைக்கும், கண்ணும் காதும் சரியா என்பவை. உங்கள் கேள்வியில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பிரிப்பதை அதை வைத்துப் பிரியுங்கள்.

---

அட்டாளைச்சேனை நண்பன்

வெண்கட்டி சேர், ஆய்வு சரியாக இருக்கலாம். ஆனால் இந்தப் பாணிக் கதை வந்த பிறகுதான் சில வகுப்புகளுக்குள் படமும் பொருளும் நுழைந்தன. அதற்கு முன் வெண்கட்டியும் வாயும் மட்டும். ஒரேயடியாகத் தூக்கி எறியவேண்டுமா?

---

வெண்கட்டி

படத்தையும் பொருளையும் யார் எறியச் சொன்னது தம்பி? அவற்றை எல்லாப் பிள்ளைக்கும் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். 'கேட்கிற குழு' என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பத்துப் பேருக்கு, எண்ணிப் பழகுகிற ஈர்க்குக் கட்டு கைக்குப் போகாது. வாசிக்கத் தெரியாத பிள்ளையை 'இவன் கேட்டுப் படிக்கிறவன்' என்று எழுதிவிட்டால் அவனுக்கு வாசிப்புப் பழக்குவதையே விட்டுவிடுவார்கள். எனக்குக் கோபம் அந்த இடத்தில்தான்.

---

உயிர்மெய் (அக்கரைப்பற்று)

அந்த ஆறு பேரைப் பற்றி எழுதுகிறேன். 'வாசிப்பு வராது' என்பதற்குள் நாலைந்து வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கும். பிரித்துப் பார்க்கப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும், தனியாக, மற்றப் பிள்ளைகள் கேட்காத இடத்தில்.

முதலில் அகர வரிசை 18 எழுத்தையும் ஒழுங்கு மாற்றி எழுதிக் காட்டுங்கள். க, ங, ச என்று வரிசையாகக் கேட்டால் பாட்டாகச் சொல்லிவிடும், பயனில்லை.

அடுத்து ஒரே எழுத்தில் எல்லாக் குறியும்: மே, மு, மை, மா, மொ, மீ என்று கலைத்து. பிறகு குறிகளை வேறு எழுத்துகளில்: டெ, ளை, போ, நு, றி. எழுத்துத் தெரியவில்லையா, குறி தெரியவில்லையா என்று இரண்டு நிரலாகக் குறியுங்கள். '247 எழுத்தும் தெரியாது' என்று வந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் தெரியாதவை ஐந்தாறு குறிகள்தான்.

அநேகமாகச் சிக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, இடப்பக்கம் வரும் கொம்பு. 'கெ'யில் கண் முதலில் கொம்பைக் காண்கிறது, வாயோ முதலில் 'க்' சொல்லவேண்டும். 'கொ'வில் இன்னும் மோசம், குறி இரண்டாக உடைந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. இதற்கு ஒரு மட்டை செய்யலாம். பிரிஸ்டல் போட்டில் 20 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத் துண்டு, நடுவில் 3 செ.மீ. சதுர யன்னல். யன்னலுக்கு இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு (ெ), வலப்பக்கம் அரவு (ா). அரவு இருக்கும் பக்கத்தை மடிக்கக்கூடியதாக விடுங்கள். க, ப, ம, த எழுதிய பட்டியைப் பின்னால் விட்டு மேலும் கீழும் இழுத்தால், அரவு மடிந்திருக்கும்போது கெ, பெ, மெ, தெ. திறந்தால் கொ, பொ, மொ, தொ. இரட்டைக் கொம்புக்கு இன்னொரு மட்டை. 'கொம்பைக் கண்டால் வாய் திறக்காதே, பக்கத்து எழுத்தைப் பார்த்துவிட்டுத் திற' என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு அமர்வில் இரண்டு புதுக் குறிக்கு மேல் வேண்டாம்.

மற்றது உகரம். உகர, ஊகாரம் தவிர்ந்த மற்றக் குறிகள் ஏறக்குறைய எல்லா எழுத்திலும் ஒரே மாதிரி, உகரம் மூன்று மாதிரி. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு, ஙு கீழே நேர்கோடு இறங்கும் கூட்டம். து, நு, ணு, று, னு, லு, ஞு மூன்றாவது கூட்டம். க வரிசை, ங வரிசை என்று போகாமல் கூட்டம் கூட்டமாகப் பழக்கினால் குழப்பம் குறையும். ஊகாரத்தை உகரம் நிலைத்த பிறகு எடுங்கள், 'கூ'வைத் தனியாகக் காட்டுங்கள்.

எழுத்துச் சரி, எழுதினால் பிழை என்கிற பிள்ளைக்குச் சொல்வதெழுதல். 20 சொல் போதும், ஆனால் பிழையை வகை பிரிக்கக்கூடிய சொற்களாக இருக்கவேண்டும்:

படம், பாடம், கொடு, கோடு, ஏடு (குறில் நெடில்)
இலை, இல்லை, கடை, கட்டை, பத்து (ஒற்று)
வண்டி, பந்து, கன்று, தேங்காய், மஞ்சள் (இன எழுத்து)
மழை, பள்ளி, பழம், கறி, மரம் (ள, ழ, ர, ற)

கலைத்துச் சொல்லுங்கள். திருத்தும்போது 20க்கு எத்தனை என்று புள்ளி போடாதீர்கள். நான்கு நிரல் கீறி எந்த நிரலில் பிழை குவிகிறது என்று பாருங்கள். 'படம்', 'பாடம்' இரண்டையும் ஒன்றாக எழுதுகிற பிள்ளைக்கும், 'இல்லை'யை 'இலை' என்று எழுதுகிற பிள்ளைக்கும் ஒலியைப் பிரித்துக் கேட்பதில் சிக்கல் இருக்கக்கூடும். இவர்களுக்கு வாய்ப்பயிற்சி வேண்டும், பென்சில் இல்லாமல். 'பால்' என்பதில் முதல் ஒலியை மாற்றிக் 'கால்', 'வால்'. 'தலையணை'யில் 'தலை'யை எடுத்தால் என்ன மிச்சம்? ஒற்று வருகிற இடத்தில் கை தட்டச் சொல்லலாம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்.

நான்காம் நிரல் வேறு கதை. 'பளம்', 'மளை' என்று எழுதுகிற பிள்ளை தன் வாயில் வருவதைத்தான் எழுதுகிறது. பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்ட வீட்டில் எத்தனை தரம் அழுத்திச் சொன்னாலும் காது பிரிக்காது. 'கன்று' என்றால் 'கண்டு' என்று எழுதுவதும் அப்படித்தான், வீட்டில் தென்னங்கண்டு என்றுதானே சொல்கிறோம். இதை வாசிப்பு இடர்பாடு என்று எழுதிவிடாதீர்கள். இங்கே கண்ணுக்கு வேலை கொடுக்கவேண்டும்: மழை, பழம், வாழை, கிழமை, ஏழு என்று ழகரச் சொற்களைப் படத்தோடு ஒரே தாளில் சுவரில் போட்டு, எழுதும்போது பார்த்து எழுத விடுங்கள். இன எழுத்துக்கு ஒழுங்கு இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்: ட முன் ண், த முன் ந், ற முன் ன், க முன் ங், ச முன் ஞ், ப முன் ம். 'வன்டி' என்று எழுதுகிற பிள்ளைக்கு இது ஒன்றே பாதிப் பிழையைக் குறைக்கும்.

நான்கு நிரலிலும் பிழை, எழுத்தும் ஒலியும் இரண்டும் தடுமாற்றம், முறையாகப் பழக்கியும் ஒரு தவணையில் அசைவு இல்லை என்றால்தான் டிஸ்லெக்சியா (வாசிப்பு இடர்பாடு) பற்றி யோசிக்கவேண்டும். அதை உறுதிசெய்வது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. உங்கள் நான்கு நிரல் தாளைப் பத்திரமாக வையுங்கள், பார்க்கிற வைத்தியருக்கும் விசேட கல்வி ஆசிரியருக்கும் அதுதான் முதலில் தேவைப்படும்.

---

வாவிக்கரை ரீச்சர்

நன்றி. மனப்பாடமாக வாசிக்கிற பிள்ளையை எப்படிச் சோதிப்பது? மற்றது, பந்தி கொடுத்து நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று கணக்கெடுக்கிறார்களே, அதைச் செய்யவா?

---

உயிர்மெய்

பாடப்புத்தகத்தை மூடிவிடுங்கள். தரம் 2 மட்டத்தில் நீங்களே ஆறு வசனம் எழுதி வாசிக்கக் கொடுங்கள். அல்லது பாடத்தின் கடைசி வரியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் கேளுங்கள். மனப்பாடம் அங்கே நின்றுவிடும்.

நிமிடக் கணக்குத் தமிழுக்கு அவ்வளவு பொருந்தாது. 'வா' என்பதும் ஒரு சொல், 'ஓடிக்கொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல். எடுப்பதென்றால் எழுத்தை எண்ணுங்கள், ஒரே பந்தியைத் தவணை ஆரம்பத்திலும் முடிவிலும் கொடுத்து அந்தப் பிள்ளையை அந்தப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடுங்கள். பந்தி பொருத்தமா என்று பார்க்க வேறு அளவு இருக்கிறது: 20 சொல்லுக்கு ஒரு பிழை வரை சரி. 10 சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் போனால் அந்தப் பந்தி கடினம், இறங்குங்கள்.

---

கல்முனைக் கணக்கு

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். கழித்தலுக்கு வருவோம். 'கடன் வாங்கத் தெரியாது' என்று மொத்தமாகச் சொல்லாமல் விடையைப் பாருங்கள், விடையே காரணத்தைச் சொல்லும்.

52 − 27 = 35 என்று எழுதினால், பிள்ளை சிறியதைப் பெரியதிலிருந்து கழிக்கிறது, மேலே எது கீழே எது என்று பார்க்கவில்லை. 302 − 148 கொடுங்கள். 246 வந்தால் அதே பிழை. 164 வந்தால் வேறு: நூறை உடைத்துப் பத்துப் பத்துகள் ஆக்கியது, ஒன்றின் இடத்துக்கும் பத்து கொடுத்தது, ஆனால் அந்தப் பத்தைப் பத்தின் இடத்திலிருந்து குறைக்கவில்லை. அங்கே 10 என்று இருந்தது 9 ஆகியிருக்கவேண்டும், ஆகவில்லை. சரியான விடை 154. இரண்டு பிள்ளைக்கும் ஒரே திருத்தம் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது.

சாமான்: தென்னை ஈர்க்கு, 12 செ.மீ. துண்டுகள், றப்பர் வளையம். இரண்டு பிள்ளைக்கு 10 கட்டு (கட்டுக்குப் பத்து), 20 தனி. கட்டைப் பிள்ளையே எண்ணிக் கட்டவேண்டும், கட்டிக் கொடுத்தால் உள்ளே பத்து இருக்கிறது என்பதை நம்பாது. 52: ஐந்து கட்டு, இரண்டு தனி. 27 எடு என்றால் ஏழு தனி இல்லை, ஒரு கட்டை அவிழ்க்கத்தான் வேண்டும். அவிழ்த்த அந்த நேரமே கொப்பியில் 5ஐ வெட்டி 4, 2க்குப் பதில் 12 எழுதவைக்க வேண்டும்.

பிழை வருகிற இடமும் அதுதான். காலையில் ஈர்க்கு விளையாட்டு, மத்தியானம் கொப்பிக் கணக்கு என்று பிரித்தால் பிள்ளைக்கு அவை இரண்டு வேறு பாடம். கையில் ஒரு அசைவு, கொப்பியில் ஒரு அசைவு, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கவேண்டும். பிறகு ஈர்க்குக்குப் பதில் கீறல்: கட்டுக்கு நீளக் கோடு, தனிக்குப் புள்ளி. பிறகு இலக்கம் மட்டும். ஜெரோம் புரூணர் 1966இல் எழுதிய செயல், படம், குறியீடு என்ற மூன்று படி இதுதான். எல்லாப் பிள்ளையும் மூன்றையும் கடக்கவேண்டும். 'செய்து படிக்கிறவர்' முதல் படியிலேயே நின்றுவிட்டால் தரம் 6இல் மாட்டிக்கொள்வார்.

காசு வைத்துச் செய்யலாம் என்பார்கள். செய்யலாம், ஆனால் 1, 10, 100 மட்டும், தாளில் வெட்டிச் செய்தது. 20, 50, 500 நோட்டைக் கலந்தால் பத்துப் பத்தாக ஏறுகிற ஒழுங்கு குழம்பும்.

இன்னொன்று. 'தொண்ணூறு' என்றதும் 'நூறு' காதில் விழும், 'தொள்ளாயிரம்' என்றதும் 'ஆயிரம்' விழும். 93ஐச் சொல்லி எழுதவிட்டால் தடுமாறுகிற பிள்ளைக்கும், தொள்ளாயிரத்தை 9000 என்று எழுதுகிற பிள்ளைக்கும் இடப்பெறுமானம் விளங்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இலக்கமாக எழுதிக் காட்டி, கட்டாக எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எடுத்தால் சிக்கல் பெயரில் மட்டும்.

---

திருக்கோவில் அக்கா

பலகையைப் பார்த்து எழுதி முடிக்காத மகனைப் பற்றி ஒருவரும் தொடவில்லை. மூன்று தரம் எழுதவையுங்கள் தங்கச்சி, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். பலகையில் இருப்பதைப் பார்த்து ஒன்று. அதே அளவு பந்தியைத் தாளில் எழுதி மேசையில் வைத்து ஒன்று. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைப் பார்க்காமல் ஒன்று.

மேசையில் வைத்ததும் வேகம் கூடினால் கண்ணைச் சந்தேகியுங்கள், அல்லது யன்னல் வெளிச்சம் பலகையில் அடிக்கிறதா என்று அவன் இருக்கையில் நீங்களே இருந்து பாருங்கள். இரண்டிலும் மெதுவாக எழுதி, தெரிந்த பாட்டை மட்டும் வேகமாக எழுதினால் வாசிப்புத்தான் தடை. ஒரு எழுத்துப் பார், ஒரு எழுத்து எழுது என்று தலை ஏறி இறங்கும், கவனித்தால் தெரியும். மூன்றும் மெதுவென்றால் கை. பென்சில் பிடி, அழுத்தம், கொப்பி வைக்கும் கோணம் பாருங்கள். கட்டைப் பென்சிலை மாற்றிக் கொடுங்கள். எழுதும் அளவைப் பாதியாக்குங்கள், முழுவதையும் எழுதினால்தான் படிப்பு என்று இல்லை.

காது: பிள்ளைக்குப் பின்னால் நின்று, முகம் தெரியாமல், சாதாரணக் குரலில் 'சிவப்புப் பென்சிலை எடு' என்று சொல்லுங்கள். முன்னால் நின்றால் விளங்கி, பின்னால் நின்றால் திரும்பித் திரும்பிப் பார்க்கிற பிள்ளையை வைத்தியருக்குக் காட்டவேண்டும். காதில் சீழ் வடிகிற, எப்போதும் சளியோடு இருக்கிற பிள்ளைகளைக் கட்டாயம் பாருங்கள். அவர்களுக்குக் குறிலும் நெடிலும், ஒற்றும் பிழைக்கும். வினாக்கொத்தில் இப்படிப்பட்ட பிள்ளை அழகாகப் 'பார்த்துப் படிக்கிறவர்' என்று வந்து நிற்கும்!

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்ப்பார்கள். உங்கள் வகுப்பு அதற்குள் வருகிறது. அவர்கள் வருமுன் சந்தேகமான பிள்ளைகளின் பெயரும் என்ன கவனித்தீர்கள் என்பதும் எழுதித் தயாராக வைத்திருங்கள். அத்தனை பிள்ளைகளை ஒரே நாளில் பார்க்கிறவர்களுக்கு நீங்கள் சொல்லாமல் தெரியாது. மேல் பரிசோதனை வேண்டுமென்றால் உங்கள் பக்கத்துக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, எங்கள் பக்கத்துக்குக் கல்முனை.

---

வாவிக்கரை ரீச்சர்

அக்கா, பெரிய உதவி. இனி நேரம். ஆறு பேரோடு நான் இருந்தால் மற்ற 25 பேர்?

---

வெண்கட்டி

அந்த 25 பேரைச் சோடியாக வாசிக்க விடுங்கள். கெட்டிக்காரரையும் மிகப் பின்தங்கியவரையும் சேர்ப்பதுதான் வழமையான பிழை, இருவருக்கும் எரிச்சல். வாசிப்பில் 1 முதல் 25 வரை நிரைப்படுத்தி (பட்டியல் உங்கள் கொப்பியில் மட்டும்) நடுவில் வெட்டுங்கள். 1க்கு 13, 2க்கு 14, இப்படி 12க்கு 24. இருபத்தைந்தாவது பிள்ளை ஒரு சோடியில் மூன்றாவது ஆள். நன்றாக வாசிக்கிறவர் முதலில் ஒரு பந்தி, மற்றவர் அதே பந்தியைத் திரும்ப. பிழை வந்தால் கேட்கிறவர் 'நில், திரும்பப் பார்' என்பார், மனதுக்குள் நாலு எண்ணும் வரை பொறுப்பார், வராவிட்டால் சொல்லிக்கொடுப்பார், பிறகு அந்த வசனம் முழுதும் மறுபடி. இந்த ஒழுங்கை முதல் வாரம் முழுக்கப் பழக்குங்கள். அது பழகாமல் ஆறு பேரிடம் போனால் ஐந்து நிமிடத்தில் சந்தை இரைச்சல்தான்.

ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு 20 நிமிடம், வாரத்தில் நாலு நாள். மட்டத்தை வைத்துப் பிரித்துப் பழக்குவதை இந்தியாவில் பிரதம் அமைப்பு பெரிய அளவில் செய்திருக்கிறது: எழுத்து, சொல், பந்தி, கதை என்று பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து. குழுவுக்குப் பெயர் வைக்காதீர்கள், மூன்று கிழமைக்கு ஒருதரம் மறுபடி பார்த்து மாற்றுங்கள். வாசிப்பில் அந்தக் குழுவில் இருப்பவர் கணக்கில் அதே குழுவில் இருக்கவேண்டியதில்லை.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்று: பாடம் தொடங்கும்போது நாலு கேள்வி. இரண்டு நேற்றையது, ஒன்று போன கிழமை, ஒன்று போன மாதம். கொப்பி மூடியிருக்கவேண்டும். விடையை எல்லோரும் எழுதித் தூக்கிக் காட்டட்டும். பிளாஸ்டிக் கவருக்குள் வெள்ளைத் தாள், மேலே வைற்போட் பேனை, துடைக்கப் பழைய துணி. கை உயர்த்துகிறவரை மட்டும் கேட்டால் அதே மூன்று பேர்தான் பதில் சொல்வார்கள். திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்று 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால், ஒரு கிழமை கழித்து நினைவிலிருந்து எடுத்தவர்கள் முன்னால். இதற்குப் புள்ளி போடவேண்டாம், போட்டால் பார்த்தெழுதத் தொடங்குவார்கள்.

வேகமாக முடிக்கிற மூன்று பேருக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்குக் கொடுப்பது தண்டனை. கணக்கைத் திருப்பிக் கொடுங்கள்: 'விடை 154 வரும்படி, நடுவில் பூச்சியம் உள்ள மூன்று கழித்தல் கணக்கு உருவாக்கு', 'இந்தப் பிள்ளை 164 என்று எழுதியிருக்கிறது, எங்கே பிழைத்தது என்று எழுது'. இரண்டாவது அவர்களை உண்மையாகவே யோசிக்கவைக்கும்.

---

அட்டாளைச்சேனை நண்பன்

படிவத்துக்கு என்ன செய்வது? கேட்டவர்கள் விடமாட்டார்கள்.

---

திருக்கோவில் அக்கா

படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம். 'விருப்பம்' என்று தலைப்பை வைத்துக்கொண்டு பிள்ளை சொன்னதை எழுதினால் பொய்யும் இல்லை. குறிப்பு எழுதும் இடம் இருந்தால் அதில் இப்படி எழுதுங்கள்: 'எ, ஏ, ஒ, ஓ குறிகள் தடுமாற்றம், 95% சரியாக வாசிப்பது தரம் 2 பந்தி, பூச்சியத்தினூடாகக் கழித்தல் வரவில்லை, கண் பரிசோதனை தேவை.' அடுத்த வருடம் தரம் 5 எடுக்கிறவருக்கு அந்த வரிதான் உதவும். வகுப்புச் சுவரில் பெயருக்கு நேரே பாணியை எழுதி ஒட்டச் சொன்னால் மட்டும் ஒட்டாதீர்கள். பெற்றோர் வந்து 'என்ட பிள்ளை எந்த வகை?' என்று கேட்டால் நான்கு நிரல் தாளைக் காட்டி, இந்தக் கிழமை வீட்டில் எந்த ஐந்து சொல் எழுதவைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

---

வாவிக்கரை ரீச்சர்

சரி அக்கா. திங்கட்கிழமை 20 சொல்லில் தொடங்குகிறேன். உயிர்மெய் சேர், அந்த யன்னல் மட்டையில் பட்டி எத்தனை செ.மீ. அகலம்?

---

உயிர்மெய்

3.5 செ.மீ. வெட்டுங்கள், யன்னலை விட அரை செ.மீ. கூட. பின்பக்கம் மேலும் கீழும் இரண்டு கடதாசிப் பட்டை ஒட்டி அதற்குள் விட்டால் விலகாது. எழுத்தை யன்னல் நடுவுக்கு வரும்படி 4 செ.மீ.க்கு ஒன்றாக எழுதுங்கள், நெருக்கி எழுதினால் இரண்டு எழுத்துத் தெரியும்.